கிணத்துல சிப்பி சிப்பியா கல்லு வருது, இங்க கடல் இருந்துச்சா?

கல்லங்குறிச்சி மருமக
சனி, இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். நான் வாக்கப்பட்டு வந்தது அரியலூர் பக்கம், பொறந்தது கும்பகோணம். எங்க ஊர்ல எவ்வளவு தோண்டினாலும் மண்ணும் மணலும்தான் வரும், ஒரு கூழாங்கல்லு கிடைச்சாலே அதிசயம். இங்க மாமனார் வீட்டு வயக்கிணத்த போன வாரம் கிரேன் வெச்சு ஆழப்படுத்துனாங்க, நாப்பது அடிக்கு கீழ வெளிர் மஞ்சளா சுண்ணாம்பு மாதிரி ஒரு கல்லு வந்துச்சு, மேல கொட்டின குவியல்ல என் பையன் உக்காந்து பொறுக்கி ஒரு கூடை சேத்துட்டான். பாத்தா அத்தனையும் சிப்பி. உள்ளங்கை அகலம், நல்ல கனம், ஒரு பாதி கிண்ணம் மாதிரி குழிவா, இன்னொரு பாதி அதுக்கு மூடி மாதிரி. அதுல ஒண்ணே ஒண்ணு மட்டும் வேற, கெடா கொம்பு சுருண்டு படுத்த மாதிரி வட்டமா வரிவரியா இருக்கு.

மாமா "இது எல்லார் கிணத்துலயும் வர்றதுதான், ரோட்டு பள்ளத்துல கொட்டிடுங்க"ன்னு சொல்லிட்டார். பையன் ஆறாவது படிக்கிறான், அவன் கேக்குறது ஒரே கேள்வி, கடல் இங்கருந்து எண்பது கிலோமீட்டருக்கு மேல இருக்கு, சிப்பி எப்படி வயலுக்கு அடியில வந்துச்சு? என்கிட்ட பதில் இல்ல. புத்தகத்துல பாறை மூணு வகைன்னு போட்டிருக்கு, அத மனப்பாடம் பண்ணா இதுக்கு பதில் வர மாட்டேங்குது. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பூவாளூர் தம்பி
சனி, இரவு 9.40

அக்கா அந்த சுருண்ட கல்ல கொட்டிடாதீங்க. எங்க தாத்தா பூஜையில சாளக்கிராமம் வெச்சிருந்தார், கறுப்பா உருண்டையா, அதுல ஒரு இடத்துல உடைஞ்சு உள்ள அச்சு அசல் நீங்க சொல்ற மாதிரி சக்கரம் தெரியும். நேபாளத்துல கண்டகி ஆத்துல இருந்து வந்ததுன்னு சொல்வார். அங்க இருக்குறதும் அரியலூர்ல இருக்குறதும் ஒண்ணா?

நிலவியல் மாணவன்
சனி, இரவு 11.05

நான் எம்எஸ்சி ஜியாலஜி முடிச்சவன், ரெண்டு தடவை உங்க பக்கம் ஃபீல்டுக்கு வந்து வெயில்ல காஞ்சிருக்கேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுத்துக்கங்க.

உங்க ஊர் பேர்லயே ஒரு பாறை அடுக்கு இருக்கு அக்கா. கல்லங்குறிச்சி அடுக்குன்னு உலகம் பூரா இந்த துறையில இருக்கவங்க எழுதுறாங்க. அந்த சிப்பி பேரு கிரைஃபியா, ஆளி வகை, நீங்க நிக்கிற இடத்துல சுமார் 7 கோடி வருஷத்துக்கு முன்னாடி ஆழம் குறைஞ்ச கடல் இருந்தப்ப அடித்தரையில மந்தை மந்தையா வாழ்ந்துச்சு. சிப்பி எங்கிருந்தோ வயலுக்கு வரல, அது அங்கயேதான் கிடக்கு, கடல்தான் வந்துட்டு போயிடுச்சு.

சுருண்டது அம்மோனைட். கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் தூரத்து சொந்தம், ஓட்டுக்குள்ள உக்காந்து நீந்துற பிராணி. 6.6 கோடி வருஷத்துக்கு முன்னாடி டைனோசர் அழிஞ்ச அதே காலத்துல இதுவும் பூண்டோட போயிடுச்சு. இப்ப இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு, சிப்பியை தட்டிப்பாருங்க, அது பெரும்பாலும் அதோட சொந்த ஓடுதான், அந்த ஓட்டோட சுண்ணாம்பு வகை சீக்கிரம் கரையாது. அம்மோனைட் ஓடு வேற வகை சுண்ணாம்பு, தண்ணி பட்டு கரைஞ்சு போயிடும், உள்ள புகுந்து இறுகின சேறு மட்டும் அதே வடிவத்துல நிக்கும். அச்சுவெல்லம் ஊத்தி ஆறினப்புறம் அச்சை எடுத்துட்டா வெல்லம் மட்டும் நிக்குமே அந்த மாதிரி. உங்க கையில இருக்குறது பெரும்பாலும் வெல்லம், அச்சு இல்ல.

தம்பி கேட்டது ரொம்ப சரியான கேள்வி. சாளக்கிராமத்துக்குள்ள இருக்குறதும் அம்மோனைட்தான், ஆனா அது உங்க ஊர் கடல் இல்ல. இந்தியாவுக்கு வடக்க டெத்திஸ்னு ஒரு கடல் இருந்துச்சு, அதுல ஜுராசிக் காலத்துல படிஞ்ச கறுப்பு சேறு அது. இந்தியா போய் ஆசியா மேல முட்டினப்ப அந்த கடல் மூடிக்கிச்சு, தரை மடிஞ்சு இமயமலையா எழுந்துச்சு, முக்திநாத் பக்கம் அந்த பாறைய கண்டகி அரிச்சு உருட்டி கொண்டு வருது. நூத்தெட்டு திவ்யதேசத்துல ஒண்ணு திருச்சாளக்கிராமம், அங்க கும்பிடுறது ஒரு கடலோட அடித்தரையில இருந்து மேல வந்த கல்லு. எனக்கு இது தெரிஞ்ச அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல.

கல்லங்குறிச்சி மருமக
ஞாயிறு, காலை 6.30

படிச்சு பையன்கிட்ட சொன்னேன், உடனே அடுத்த கேள்வி. கடல் மேல ஏறி வந்துச்சா இல்ல நிலம் கீழ எறங்குச்சா?

நிலவியல் மாணவன்
ஞாயிறு, காலை 8.15

ரெண்டும். பையன் நல்லா வருவான்.

நம்ம கிழக்கு கரையோரம் ஒரு காலத்துல கடலே கிடையாது, அண்டார்டிகா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. கோண்டுவானான்னு ஒரே பெரிய கண்டம். சுமார் 13 கோடி வருஷத்துக்கு முன்னாடி அது பிச்சுக்கிட்டு போக ஆரம்பிச்சப்ப ஓரம் இழுபட்டு பள்ளம் பள்ளமா எறங்குச்சு, அந்த பள்ளத்துல ஒண்ணுதான் காவிரிப் படுகை. அதே நேரத்துல உலகம் ரொம்ப சூடா இருந்துச்சு, துருவத்துல இப்ப இருக்குற மாதிரி பெரிய பனிப்பாளம் எல்லாம் இல்ல, அதனால உலகம் முழுக்க கடல் மட்டமே உசரம். நிலம் கீழ, கடல் மேல, தண்ணி உள்ள வந்துடுச்சு. வந்தது ஒரே தடவை இல்ல, பல தடவை வந்து பல தடவை பின்வாங்கியிருக்கு, ஒவ்வொரு தடவையும் ஒரு அடுக்கு விட்டுட்டு போச்சு.

அந்த அடுக்கெல்லாம் லேசா கிழக்கால சாஞ்சு கிடக்கு. அதனால உங்க ஏரியாவுல ஒரு அழகான விஷயம் இருக்கு, மேற்க இருந்து கிழக்க போகப்போக காலம் நம்ம பக்கம் வருது. திருச்சி மலைக்கோட்டை பக்கம் எல்லாம் ரொம்ப ரொம்ப பழைய பாறை, அதுல உயிரோட தடமே கிடையாது. பாடாலூர் தாண்டி காரை போனா கடல் வந்த ஆரம்ப கால சேறு, மழை அரிச்சு முதுகெலும்பு மாதிரி மேடு பள்ளமா நிக்கும், ஜிப்சம் வரிவரியா மின்னும், துப்பாக்கி குண்டு மாதிரி நீளமான பெலம்னைட், அதாவது கணவாய் மாதிரி ஒரு பிராணியோட உள் ஓடு, கிடக்கும். அப்புறம் கருடமங்கலம், அங்க சங்கும் சிப்பியும் இறுகின சுண்ணாம்புக்கல்லு, பாலிஷ் போட்டா மார்பிள் மாதிரி இருக்கும். அப்புறம் உங்க ஊரு. அதுக்கும் கிழக்க செந்துறை பக்கம் நின்னியூர் போனா அம்மோனைட் கிடையாது, ஏன்னா அந்த அடுக்கு படியிறதுக்கு முன்னாடியே அது அழிஞ்சு போச்சு. ஜெயங்கொண்டம் போனா இன்னும் இளசு, அடியில பழுப்பு நிலக்கரி. அதையும் தாண்டினா நீங்க பொறந்த கும்பகோணம், காவிரி நேத்து கொண்டு வந்து போட்ட மண்ணு. கும்பகோணத்துல கல்லு இல்லாததுக்கு காரணம் இதுதான் அக்கா, கல்லு இருக்கு, ஆனா ரொம்ப ஆழத்துல. நரிமணத்துல எண்ணெய் எடுக்க துளை போடுறாங்களே அது இதே படுகைதான், சில இடத்துல படிவு அஞ்சு கிலோமீட்டருக்கு மேல தடிமன்.

கல்உடைச்ச கை
ஞாயிறு, மதியம் 1.20

நான் பல்லாவரம் திரிசூலம் பக்கம் கல்குவாரில முப்பது வருசம் வேலை பாத்தவன் இப்ப வயசாயிடுச்சு பேரன் போன்ல டைப் பண்றேன் தப்பு இருந்தா மன்னிக்கவும். முக்கா ஜல்லி ஒன்றரை ஜல்லி சிப்ஸ் எல்லாம் எங்க கைல போனதுதான் எத்தன லோடு உடைச்சிருப்பேன் கணக்கு இல்ல, ஒரு நாள் கூட ஒரு சிப்பி ஒரு எலும்பு பாத்தது இல்ல. உள்ள இருந்து புதுசா உடைச்ச கல்லு நீலமும் பச்சையும் கலந்த கருப்புல எண்ணெ தடவின மாதிரி பளபளன்னு இருக்கும் அவ்வளவுதான். அரியலூர் கல்லுக்கு இருக்குற கதை எங்க கல்லுக்கு கிடையாதா. எங்க அப்பா கல்லு வளரும்னு சொல்வார் அதும் நெசமா.

நிலவியல் மாணவன்
ஞாயிறு, மதியம் 2.45

ஐயா உங்க கல்லுக்கு இருக்குற கதை பெருசு. நீங்க முப்பது வருஷம் உடைச்ச கல்லுக்கு உலக அளவுல பேரு சார்னோகைட். கல்கத்தாவுல ஜாப் சார்னாக்னு ஒரு கம்பெனி அதிகாரி, அவர் சமாதி மேல வெச்ச கல்லு மெட்ராஸ் பக்கத்துல இருந்து போனது. இந்திய புவியியல் ஆய்வுத் துறையில இருந்த தாமஸ் ஹாலண்ட் 1893ல அந்த சமாதிக்கல்லையும் பரங்கிமலை, பல்லாவரம் கல்லையும் வெச்சு ஆராய்ஞ்சு அந்த ஆள் பேரையே கல்லுக்கு வெச்சார். அண்டார்டிகாவுல அதே கல்லு கிடைச்சாலும் அங்க போறவங்க எழுதுறது இதே பேருதான். நம்ம கிழக்குத் தொடர்ச்சி மலை பாறையும் அண்டார்டிகாவோட எண்டர்பி நிலத்து பாறையும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தும், பிச்ச தோசைய சேத்து வெச்சா விளிம்பு பொருந்துற மாதிரி.

சிப்பி ஏன் இல்லன்னா, அந்த கல்லு கடலுக்கடியில படிஞ்சு அப்படியே இறுகினது இல்ல. பூமிக்கு அடியில இருபது முப்பது கிலோமீட்டர் ஆழத்துல எழுநூறு எண்ணூறு டிகிரி சூட்டுல வெந்து உருமாறினது. அந்த சூட்டுல எது இருந்திருந்தாலும் தடம் இருக்காது. உங்க ஏரியா பாறையோட மூலம் 250 கோடி வருஷ கணக்கு, அப்ப சிப்பின்னு ஒரு பிராணியே உலகத்துல கிடையாது, இருந்ததெல்லாம் கண்ணுக்கு தெரியாத நுண்ணுயிர். இப்ப நீங்க யோசிச்சு பாருங்க, இருபது கிலோமீட்டர் ஆழத்துல இருந்த கல்லு எப்படி உங்க சம்மட்டிக்கு கீழ வந்துச்சு? மேல இருந்த அவ்வளவு பாறையும் மழையும் காத்தும் ஆறும் அரிச்சு போயிருக்கு, பாரம் குறையக் குறைய அடியில இருந்தது மேல எழும்பி வந்திருக்கு. பரங்கிமலை மேல நிக்கிறவங்க ஒரு காணாம போன மலைத்தொடரோட அடிவயித்துல நிக்கிறாங்க.

அப்பா சொன்னதுக்கும் காரணம் உண்டு. பாறை வளராது, சுத்தி இருக்குற மண்ணு கரைஞ்சு போகப்போக கல்லு மேல வர்ற மாதிரி தெரியும். சின்ன வயசுல முட்டி உசரம் பாத்த பாறைய வயசான காலத்துல இடுப்பு உசரத்துல பாத்தவங்க சொன்ன சொல்லு அது.

கல்உடைச்ச கை
ஞாயிறு, மதியம் 3.10

தம்பி நல்லா இருக்கணும். பலகைக்கல்லு எடுக்குற எடத்துல பாறை மேல வெறகு அடுக்கி தீ மூட்டுவாங்க சூடு ஏற ஏற மேல ஒரு தட்டு வெங்காயத் தோல் மாதிரி பிரிஞ்சு வரும் தட்டினா சத்தமே மாறும். பாரம் போனா கல்லு எழும்பும்னு நீங்க சொன்னதும் அதான் நெனப்பு வந்துச்சு.

மதுரை வாசகன்
ஞாயிறு, மாலை 5.00

நான் குறை சொல்ல வரல, உண்மையா தெரிஞ்சுக்க கேக்குறேன். 7 கோடி 250 கோடின்னு சாதாரணமா சொல்லிட்டு போறீங்க. யார் பாத்தா? கீழடிக்கு கார்பன் டேட்டிங் பண்ண மாதிரி இந்த கல்லுக்கும் பண்ணி சொல்றாங்களா? பண்ணினா எவ்வளவு நம்பலாம்?

ஏழாம் வகுப்பு டீச்சர்
ஞாயிறு, மாலை 6.35

இந்த கேள்விய என் வகுப்புல ஒவ்வொரு வருஷமும் யாராவது கேப்பாங்க, கேக்கணும்.

கார்பன் டேட்டிங் இதுக்கு உதவாது. கார்பன் 14 பாதியா குறைய 5,730 வருஷம், அப்படி குறைஞ்சுக்கிட்டே போய் அம்பதாயிரம் வருஷம் தாண்டினா அளக்க ஒண்ணும் மிஞ்சாது. அதோட அது உயிரோட இருந்த பொருளுக்குத்தான், கீழடி கரித்துண்டுக்கு சரி, கருங்கல்லுக்கு ஆகாது.

பாறைக்கு வேற கடிகாரம். சிர்கான்னு ஒரு மணி, மணல் அளவுதான் இருக்கும், கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணல்ல கூட அது நிறைய உண்டு. உருகின பாறை ஆறும்போது சிர்கான் உண்டாகுது, உண்டாகும்போது யுரேனியத்த உள்ள சேத்துக்கும், ஈயத்த சேத்துக்காது. அப்புறம் உள்ள இருக்குற யுரேனியம் ஒரே வேகத்துல ஈயமா மாறிக்கிட்டே இருக்கும், யுரேனியம் 238 பாதியாக 447 கோடி வருஷம். யுரேனியம் 235க்கு வேற வேகம், 70 கோடி வருஷம். ஒரே மணிக்குள்ள ரெண்டு கடிகாரம் தனித்தனியா ஓடுது, ரெண்டும் ஒரே வயசு சொன்னாத்தான் ஏத்துக்குவாங்க. மதுரை வாசகன் கேட்ட "எவ்வளவு நம்பலாம்"ங்கிறதுக்கு இதுதான் பதில், ஒண்ணு பொய் சொன்னா இன்னொண்ணு காட்டிக் கொடுத்துடும்.

சிப்பி அடுக்குக்கு இந்த வழி நேரா வராது, அங்க அம்மோனைட்டே கடிகாரம். ஒவ்வொரு இனமும் கொஞ்ச காலம்தான் இருந்துச்சு, அப்புறம் வேற இனம் வந்துடும். ஏதோ ஒரு நாட்டுல அதே இனம் இருக்குற அடுக்குக்கு மேலயும் கீழயும் எரிமலைச் சாம்பல் இருந்தா அந்த சாம்பல்ல உள்ள சிர்கான வெச்சு வயசு கண்டுபிடிச்சு, அத இங்க பொருத்திக்கலாம்.

மதுரை வாசகன்
ஞாயிறு, இரவு 7.10

ரெண்டு கடிகாரம் விஷயம் எனக்கு தெரியாது. இப்ப ஏத்துக்க முடியுது. நன்றி டீச்சர்.

வடமராட்சி அப்பு
ஞாயிறு, இரவு 8.25

யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். எங்கட பக்கம் மண் கொஞ்சம்தான், கிணறு வெட்டேக்க கொஞ்ச அடியிலயே சுண்ணாம்புக்கல்லு வந்திடும், குடாநாடு முழுக்க அப்பிடித்தான். இது உங்கட அரியலூர் கல்லை விட இளசு, மயோசீன் காலம் எண்டு எங்களுக்கு படிப்பிச்சவை. எங்கட கல்லுக்கு ஒரு குணம் இருக்கு, மழைத்தண்ணி அதைக் கரைச்சுக் கரைச்சு உள்ளுக்குள்ள குகையும் ஓட்டையுமா ஆக்கிப் போட்டுது. புத்தூர் நிலாவரைக் கிணறு அப்பிடி கூரை இடிஞ்சு விழுந்த குழிதான், மேல நல்ல தண்ணி, ஆழம் போகப்போக உப்பு. கடல்தண்ணிக்கு மேல மழைத்தண்ணி பாரம் குறைஞ்சபடியால் மிதக்குது, அதைத்தான் நாங்கள் குடிக்கிறம், தோட்டத்துக்கு இறைக்கிறம். அளவுக்கு மிஞ்சி மோட்டர் போட்டு இழுத்தால் உப்பு மேல வந்திடும். சின்னனில நாங்கள் துலா மிதிச்சு இறைச்ச காலத்தில இந்தப் பயம் இருக்கேல்லை. கல்லைப் பற்றி தெரிஞ்சிருக்கிறது எங்களுக்கு குடிதண்ணிப் பிரச்சினை, அதுதான் இதில எழுத வேணும் போல கிடந்தது.

ஏழாம் வகுப்பு டீச்சர்
ஞாயிறு, இரவு 8.50

ஐயா இத என் பிள்ளைகளுக்கு அப்படியே வாசிச்சு காட்டப் போறேன்.

நாகை கரையோரம்
ஞாயிறு, இரவு 10.15

இவ்வளவு நேரம் படிச்சுக்கிட்டே இருந்தேன், எல்லாரும் கோடி வருஷம் முன்னாடின்னே பேசுறீங்க. எங்களுக்கு 2004 டிசம்பர் 26. எனக்கு அப்ப பதினொரு வயசு, எங்க தெருவுல இருந்து போனவங்க பேரு இன்னிக்கும் வரிசையா சொல்லுவேன். அன்னிக்கு கடலுக்கு அடியில என்ன நடந்துச்சுன்னு யாராவது எங்களுக்கு புரியிற மாதிரி சொல்லுங்க. அது முடிஞ்சு போன விஷயமா, திரும்ப வருமா.

நிலவியல் மாணவன்
ஞாயிறு, இரவு 11.30

இத கவனமா எழுதணும்னு ரெண்டு தடவை அடிச்சு அழிச்சேன்.

இந்தியா இருக்குற பாறைத் தட்டு இன்னும் வடகிழக்கால நகர்ந்துக்கிட்டுதான் இருக்கு, வருஷத்துக்கு அஞ்சு சென்டிமீட்டர் கிட்ட, ஒரு சாண்ல கால்வாசின்னு வெச்சுக்கங்க. டைனோசர் காலத்துக் கடைசியில முக்கா சாணுக்கு மேலயே போயிருக்கு, ஆசியாவுல முட்டின பிறகு வேகம் குறைஞ்சுச்சு. வடக்க முட்டுறதுனால இமயமலை. கிழக்க சுமத்ரா, அந்தமான் பக்கம் நம்ம தட்டு பக்கத்து தட்டுக்கு அடியில சொருகுது. சொருகுற எடத்துல வழுக்கிக்கிட்டு போகாது, உராய்ஞ்சு கவ்விப் பிடிச்சுக்கும், பின்னாடி இருந்து தள்ளு மட்டும் நிக்காது, மேல் தட்டு வில்லு மாதிரி வளைஞ்சுக்கிட்டே போகும். நூத்துக்கணக்கான வருஷம் சேத்த வளைவு அன்னிக்கு காலைல நம்ம நேரம் 6.29க்கு விட்டுடுச்சு, 9.1 அளவு நிலநடுக்கம், சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு பிளவு. கடலடி தரை சில மீட்டர் தூக்கினப்ப மேல இருந்த மொத்த தண்ணியும் தூக்கப்பட்டுச்சு. அது பரவி நம்ம கரைக்கு வர ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. அந்த ரெண்டு மணி நேரத்துல நமக்கு சொல்ல ஆள் இல்ல, இந்தியப் பெருங்கடலுக்கு அப்ப எச்சரிக்கை மையமே கிடையாது. இப்ப ஹைதராபாத்ல 2007ல இருந்து இருக்கு.

திரும்ப வருமான்னு கேட்டீங்க. தட்டு நிக்கல, அதனால என்னிக்காவது வரும், என்னிக்குன்னு யாராலயும் சொல்ல முடியாது. தரை நீடிச்சு ஆடினா, கடல் திடீர்னு உள்வாங்கினா, சைரன் கேட்டா, கட்டுமரத்த பாக்க போகாம உசரமான எடத்துக்கு ஓடணும்னு உங்க பிள்ளைகளுக்கு நீங்க சொல்றத விட நல்லா நான் சொல்லிட முடியாது.

நாகை கரையோரம்
திங்கள், காலை 5.50

வில்லு மாதிரின்னு சொன்னது புரிஞ்சுது. இருபது வருஷம் கழிச்சு புரிஞ்சுது. அம்மாகிட்ட சொல்றேன்.

குன்னம் பையன்
திங்கள், காலை 9.30

எங்க ஊரும் இந்த பெல்ட்தான். 2020 அக்டோபர்ல எங்க ஊர் ஏரியில உருண்டை உருண்டையா கல்லு வந்து டைனோசர் முட்டைன்னு வாட்ஸ்அப்ல பரவி கூட்டமா வந்தாங்க, அப்புறம் ஜியாலஜி ஆளுங்க வந்து முட்டை இல்ல, கடல் பிராணி மேல சேறு சுத்தி சுத்தி இறுகின உருண்டை, அம்மோனைட் வகைன்னு சொல்லிட்டாங்க. ஊர்ல பல பேருக்கு ஏமாத்தம். எனக்கு அப்ப ஏமாத்தம்தான், இப்ப இந்த இழைய படிச்சப்புறம் முட்டைய விட இதுதான் பெரிசுன்னு படுது. என் கேள்வி என்னன்னா, இந்த கல்ல எல்லாம் நாம எடுத்து வீட்ல வெச்சுக்கலாமா? எங்க வீட்லயே அஞ்சாறு கிடக்கு.

பூவாளூர் தம்பி
திங்கள், காலை 10.05

எடுத்தா என்ன தப்பு? நாம எடுக்கலன்னா சுண்ணாம்புக்கல் சுரங்கத்துல வெடி வெச்சு சூளையில போட்டுடுவாங்க. நாம கட்டுற வீட்டு சிமெண்ட் மூட்டைக்குள்ள போறது இந்த சிப்பிதானே. ஒரு சிப்பிய பையன் ஷோகேஸ்ல வெச்சா அது தப்பிச்சுதுன்னு அர்த்தம்.

ஏழாம் வகுப்பு டீச்சர்
திங்கள், மாலை 5.40

தம்பி சொல்றதுல பாதி எனக்கு சம்மதம். சூளை விஷயம் உண்மைதான், அதுல இன்னொண்ணும் சேத்துக்கங்க. சிப்பி ஓடு கட்டும்போது கடல்ல கரைஞ்சிருந்த கரியமில வாயுவை இழுத்து பூட்டி வெச்சுது, 7 கோடி வருஷம் அது பூட்டியே கிடந்துச்சு. சூளையில சுத்தமான சுண்ணாம்புக்கல்லு நூறு கிலோ சுட்டா 44 கிலோ கரியமில வாயுவா காத்துக்கு போயிடும், மிச்சம்தான் சுண்ணாம்பு, அதுக்கு எரிக்கிற நிலக்கரி தனிக்கணக்கு. அந்த வேலைய நம்பி எத்தனையோ குடும்பம் இருக்கு, நானும் சிமெண்ட் வீட்லதான் இருக்கேன், ஆனா நடக்குறது என்னன்னு பிள்ளைகளுக்கு தெரியணும்.

ஆனா எடுத்தா என்ன தப்புன்னு கேட்டதுக்கு வர்றேன். கிணத்துல, சுரங்க குப்பையில வெளிய வந்து கிடக்குறத எடுக்குறது வேற. காரையில பாறையில பதிஞ்சு இருக்குறத உளி வெச்சு பேத்து எடுக்குறது வேற, அது திருட்டு மாதிரின்னு நான் நினைக்கிறேன், ஏன்னா பேத்ததுக்கு அப்புறம் அது எந்த அடுக்குல இருந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது, வெறும் அழகான கல்லு ஆயிடும். சாத்தனூர்ல கல்மரம் இருக்கு, பதினெட்டு மீட்டர் நீளம், 1940ல எம்.எஸ்.கிருஷ்ணன் அடையாளம் கண்டு சொன்னது. பின்னாடி 1951ல இந்திய புவியியல் ஆய்வுத் துறைக்கு முதல் இந்தியத் தலைவரா வந்தவர் அவர். ஆறு அடிச்சுக்கிட்டு போய் கடல்ல சேத்த மரம், மரத்தோட ஒவ்வொரு நாரும் போன எடத்துல சிலிக்கா வந்து உக்காந்து கல்லாயிடுச்சு. அதுல ஆளுக்கு ஒரு துண்டுன்னு உடைச்சிருந்தா இன்னிக்கு நான் பிள்ளைகளை கூட்டிட்டு போய் எத காட்டுவேன்?

நிலவியல் மாணவன்
திங்கள், இரவு 9.20

டீச்சர் சொன்னதுக்கு ஒரு உதாரணம், சொல்லும்போதே வயிறு எரியுது. உங்க பக்கத்துலயே கல்லமேடு. அங்க ஒரு டைனோசர் எலும்பு கிடைச்சு 1980கள்ல யாதகிரியும் அய்யாசாமியும் வெளியிட்டாங்க, புருகத்காயோசாரஸ்னு பேரு வெச்சாங்க, பெரிய உடம்பு பல்லின்னு அர்த்தம். முதல்ல மாமிசம் தின்றதுன்னு நினைச்சாங்க, பின்னாடி கழுத்து நீண்ட இலை தின்ற வகைன்னு ஆச்சு. கால் எலும்பு ஒண்ணே ரெண்டு மீட்டர். உலகத்துலயே பெரிய நிலவாழ் பிராணி இதுவா இருக்கலாம்னு இன்னிக்கும் பேசிக்கிட்டு இருக்காங்க. ஏன் பேசிக்கிட்டே இருக்காங்கன்னா திரும்ப அளந்து பாக்க எலும்பு இல்ல. அந்த களிமண் மழையில ஊறி வெயில்ல வெடிக்கிற ரகம், உள்ள இருந்த எலும்பும் கூடவே நொறுங்கிடும், அப்படியே சிதைஞ்சு போச்சு. படமும் வரைபடமும்தான் மிச்சம்.

அதனால கேக்குறேன், வீட்ல வெச்சிருக்கவங்க தயவு செஞ்சு ஒரு சீட்டுல எந்த ஊரு, எந்த கிணறு, எத்தனை அடி, என்ன நிற மண்ணு, தேதி, இது அஞ்சையும் எழுதி கல்லோடவே வெச்சிடுங்க. முடிஞ்சா வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துல கொண்டு போய் காட்டுங்க. சீட்டு இல்லாத கல்லு வாய் இல்லாத பிள்ளை மாதிரி.

நாமக்கல் கோழிப்பண்ணை
செவ்வாய், காலை 7.00

எங்க மாவட்டத்தையும் சேத்துக்கங்க. சித்தம்பூண்டி பாறை அனார்த்தோசைட், நிலாவோட மேட்டு நிலமும் அதே வகை. சந்திரயான் 2 லேண்டரை சோதனை பண்ண இஸ்ரோ சித்தம்பூண்டி, குன்னமலை கல்ல அரைச்சுத்தான் நிலா மண்ணு செஞ்சாங்க. நிலா புதுசா இருந்தப்ப மேல உருகிக் கிடந்த குழம்புல லேசான கனிமம் மிதந்து ஆறினது அந்த வெள்ளைப் பாறைன்னு படிச்சேன். ராத்திரி நிலாவுல வெள்ளையா தெரியிறது அதுதான்.

கல்லங்குறிச்சி மருமக
புதன், இரவு 8.40

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. ரோட்டு பள்ளத்துல ஒண்ணும் கொட்டல. மாமாகிட்ட உக்காந்து கேட்டேன், மொதல்ல "இதுக்கு என்னத்த எழுதுற"ன்னார், அப்புறம் அவரே ஆரம்பிச்சு 1983ல கிணறு வெட்டினப்ப எத்தனையாவது அடியில மண்ணு நிறம் மாறுச்சு, எங்க ஊத்து வந்துச்சு, எங்க பாறை இறுகலா இருந்து கடப்பாரை உடைஞ்சுதுன்னு வரிசையா சொன்னார், எல்லாம் ஞாபகம் வெச்சிருக்கார். பையன் நோட்டுல கோடு போட்டு அடி அடியா வரைஞ்சுட்டான். இருபத்தி ரெண்டு அடி வரைக்கும் கரிசல் கலந்த மண்ணு, அப்புறம் மஞ்சள், நாப்பதுக்கு கீழ சிப்பி. ஞாயித்துக்கிழமை வாரணவாசி போறோம், மாமாவும் வர்றேன்னு சொல்லியிருக்கார்.

இதெல்லாம் பேசிக்கிட்டு இருக்கும்போது மாமியார் ஒண்ணும் சொல்லாம கேட்டுக்கிட்டு இருந்தாங்க. எந்திரிச்சு போயி மாட்டுக்கொட்டாயில கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்ல உருட்டிக்கிட்டு வந்தாங்க. அவங்க இந்த வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து அங்கதான் கிடக்காம். சாணிய கழுவிப் பாத்தா சுருள், ஒண்ணரை முழம் இருக்கும், ஒரு ஓரம் உடைஞ்சிருக்கு, உடைஞ்ச எடத்துல உள்ள அறை அறையா தடுப்பு தெரியுது. இது எந்த கிணத்துல வந்துச்சுன்னு மாமாவுக்கு தெரியல, மாமியாரோட மாமியார் காலத்துலயே இருந்துச்சாம். சீட்டுல என்ன எழுதுறது?

நிலவியல் மாணவன்
புதன், இரவு 8.52

அய்யோ அக்கா, ஒண்ணரை முழமா! "மாட்டுக்கொட்டாய் கதவு, மூணு தலைமுறையா"ன்னு அப்படியே எழுதுங்க. உடைஞ்ச ஓரத்த கழுவாதீங்க, இடுக்குல ஒட்டியிருக்குற மண்ணு சாணியா இல்ல பழைய சேறான்னு பாக்கணும், பழைய சேறுன்னா எந்த அடுக்குன்னு அதுவே சொல்லும். பல் தேய்க்கிற பிரஷ் கூட போட வேணாம். நான் ஞாயித்துக்கிழமை திருச்சியில இருந்து பஸ் ஏறுறேன்.